டீச்சர் வீட்டுல மட்டும் அணையுற கம்ப்யூட்டர்

ககமேகா சந்தையில கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ற நெக்கேசாவுக்கு நல்ல பேரு. அதைத்தான் குவாம்போக்கா டீச்சர் கெடுத்துக்கிட்டிருந்தாங்க.

"உன் கடையில ஓடுது, என் வீட்டுல ஆன் பண்ணின கொஞ்ச நேரத்துல அணையுது. நீ ரிப்பேர்காரியா, மந்திரக்காரியா?" மூணாவது தடவையா கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்து, சந்தைக்கே கேக்குற மாதிரி கத்தினாங்க.

நெக்கேசா அவங்க வீட்டுக்கே போனா. சோபா, டிவி, ரேடியோ எல்லாத்து மேலயும் டீச்சர் கெட்டியா பின்னின பூத்துணி. கம்ப்யூட்டருக்கும் போத்தியிருந்தாங்க. ஆன் பண்ணினதும் காத்து இழுக்குற ஓட்டையில துணி பச்சக்குன்னு ஒட்டிக்கிச்சு. பெட்டி சூடேறி அணைஞ்சிடுச்சு. துணியை எடுத்தா, நிக்காம ஓடுச்சு.

"விருந்தாளி வந்தா அம்மணமாவா நிக்கும்?"

"மூச்சு விட்டுக்கிட்டு நிக்கும், டீச்சர்."

மறுநாள் டீச்சர் அந்தத் துணியைக் கொண்டுவந்து, சந்தையே பாக்க, நெக்கேசா கடை மேஜையில பரிசா விரிச்சுட்டுப் போனாங்க.