தங்கையின் கணைக்கால்

என் தங்கையின் கால் முறிந்தது ஓட்டப் பந்தயத் தடத்தில். ஆனால் அதற்கு முந்தின நான்கு வாரமும் அந்தக் காலைத் தினம் தினம் பிடித்துவிட்டவன் நான். அதனால் இதை நான்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு போர்ட் பிளேரை ஒட்டிய புரோத்ராபூரில். அப்பா தூத்துக்குடிக் கரையிலிருந்து கப்பலேறி வந்து இங்கேயே படகுத் தொழிலில் நிலைத்துவிட்டவர். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போய் ஆறு மாதம் விளையாட்டுக்காரர்களுக்கான மசாஜ் படித்துவிட்டு வந்து, போர்ட் பிளேரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் உதவியாளாகச் சேர்ந்தேன். சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளும் கால்பந்து ஆடுகிறவர்களும் வருவார்கள். இறுகிய தொடையை இளக்கி அனுப்புவது என் வேலை.

தங்கை போலீஸ் வேலைத் தேர்வுக்காக ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள். வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. எழுத்துத் தேர்வைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. எண்ணூறு மீட்டர்தான் உதைத்தது. விடிந்ததும் வீட்டுக்குக் கீழே இருக்கும் தார்ச்சாலையில் ஏற்றமும் இறக்கமுமாக ஓடுவாள். சாயங்காலம் மறுபடியும். ஞாயிறு பூசை முடிந்து வந்தும் ஓடுவாள்.

"ஒரு நாளாவது சும்மா இரு புள்ள. ஓடும்போது சதை வளராது, படுத்திருக்கும்போதுதான் வளரும்" என்பேன்.

"படுத்திருந்தவளுக்கு எவன்ணே வேலை கொடுத்தான்?" என்பாள்.

முதல் இரண்டு மாதம் நான் பிடித்துவிட்டது அவளுக்கு நல்லதுதான் செய்தது. ஆடுசதையை அழுத்தி நீவினால் மறுநாள் கால் லேசாக இருக்கிறது என்பாள். எனக்கும் பெருமையாக இருந்தது. வீட்டில் என் படிப்பைப் படிப்பென்று மதித்த ஒரே ஆள் அவள்.

மூன்றாம் மாதம், வலது கணைக்காலின் முன்பக்கம் வலிக்கிறது என்றாள். சதைவலி என்றால் கை வைக்க வைக்கப் பரவும், இடம் மாறும், தணியும். இது மாறவில்லை. எலும்பின் மேல் ஒரு விரல் நுனி அளவு இடம். அங்கே தொட்டால் பல்லைக் கடிப்பாள். இப்படி ஓர் இடம் தட்டுப்பட்டால் கையை எடுத்துவிடு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்குத் தெரியும்.

அவளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பெங்காலி டாக்டரம்மா அந்த இடத்தை ஒருமுறை அழுத்தினார். தங்கை மேசையிலிருந்து துள்ளிவிட்டாள்.

"எலும்பில் மயிரிழை விரிசலா இருக்கலாம். ஆறு வாரம் ஓட்டம் பந்த். மசாஜும் கூடாது. ரெஸ்ட் மட்டும்தான்" என்று இந்தியில் சொன்னார்.

ஓட்டத் தேர்வுக்கு நான்கு வாரம் இருந்தது.

எக்ஸ்ரே எடுத்தோம். அதில் ஒன்றும் தெரியவில்லை. தொடக்கத்தில் தெரியாது, நம்பி ஓடிவிடாதே என்று டாக்டரம்மா சொல்லத்தான் செய்தார். பஸ்ஸில் வரும்போது தங்கை அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எலும்பு நல்லாத்தானே இருக்கு? நாலு வாரம் மட்டும்ணே. அதுக்கப்புறம் நீ எத்தனை மாசம் படுக்கச் சொல்றியோ அத்தனை மாசம் படுத்துக்கிடறேன்."

நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அப்பாவிடம் சொல்லியிருக்கலாம், அவர் அவளுடைய ஷூவை எடுத்து ஒளித்து வைத்தாவது நிறுத்தியிருப்பார். நான் சரி என்றேன். வீட்டில் கேட்டபோது சுளுக்கு என்றேன்.

அன்றிலிருந்து அவள் ஓடிவிட்டு வந்ததும் ஐஸ் வைப்பேன். வலிக்கும் இடத்தைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள சதையை மட்டும் தளர்த்துவேன். பிறகு டேப் ஒட்டுவேன். வலி குறையும். குறைந்ததும் மறுநாள் இன்னும் வேகமாக ஓடுவாள். உடம்பு நில் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது அவள் காதில் விழாதபடி நான் பார்த்துக்கொண்டேன்.

தேர்வு நாள் காலை மழை விட்டிருந்தது. வெளியாட்களை உள்ளே விடவில்லை. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். முதல் சுற்றில் மூன்றாவதாக வந்தாள். இரண்டாவது சுற்றில் கடைசி வளைவு திரும்பும்போது அவள் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வலது கால் ஊன்றிய இடத்தில் மடங்கியது. முழங்கால் மடங்குகிற இடத்தில் அல்ல, அதற்குக் கீழே. விழுந்தாள். எழுந்தாள். மறுபடி அந்தக் காலையே ஊன்றினாள். அவள் போட்ட சத்தம் வேலிக்கு இப்பால் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

யார் தடுத்தார்கள், எப்படி உள்ளே போனேன் என்பது நினைவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை உடைந்த காலை அசையாமல் நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் வலியைப் பற்றிப் பேசவேயில்லை. "எத்தனை மீட்டர் மிச்சம்ணே?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். ஏழு மாதமாகியும் கூடவில்லை. மெயின்லேண்டில் இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. எலும்பு கூடியபோது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டிருந்தது. அதற்குள் வயது வரம்பும் தாண்டிவிட்டது. அம்மா ஒரே ஒருமுறை என்னைக் கேட்டாள்: "சுளுக்குன்னு நீதானே சொன்ன?" அப்பா என்னோடு சேர்ந்து சாப்பிட உட்காருவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டார்.

கட்டுப் பிரித்தபோது அவள் ஆடுசதை சூம்பிப்போயிருந்தது. கிளினிக்கில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, இனி உடற்பயிற்சியோடு தினம் மசாஜும் வேண்டும் என்றார். மசாஜ் செய்ய அதுதான் சரியான நேரம். நான் கையைக் கழுவிவிட்டு எண்ணெயோடு வந்தேன்.

தங்கை காலை இழுத்துக்கொண்டாள்.

"நீ வேண்டாம்ணே."

"நான் பாத்து செய்வேன் புள்ள."

"தெரியும். உனக்கு நல்லாத்தான் செய்யத் தெரியும். நீ அன்னைக்குத் தொடலைன்னா என்னால ஓடியிருக்கவே முடியாது."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாக, பஸ் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். பக்கத்தில் நின்ற டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கிளினிக்கில் வேலை பார்க்கும் வேறொரு பெண்ணைக் கூப்பிட்டு, எண்ணெயை அவளிடம் கொடுக்கச் சொன்னார். நான் வெளி அறையில் போய் உட்கார்ந்தேன். திரைக்குப் பின்னால் அவள் முனகுவது கேட்டது. அந்தப் பெண் அழுத்தம் கூடுதலாகக் கொடுக்கிறாள் என்று சத்தத்திலேயே தெரிந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

இப்போது தங்கை ஒரு கப்பல் டிக்கெட் ஏஜென்சியில் உட்கார்ந்து பார்க்கிற வேலையில் இருக்கிறாள். என்னோடு பேசுகிறாள், சிரிக்கிறாள், நான் வாங்கிவரும் மீனைக் குறை சொல்கிறாள். மழைக்காலத்தில் கம்பி வைத்த இடம் குடையும்போது தன் கையாலேயே தேய்த்துக்கொள்கிறாள். அவள் நீவுகிற திசை தவறு; கீழிருந்து மேலாக நீவ வேண்டும். நான் அதே அறையில்தான் இருப்பேன். ஐந்து வருஷமாகிறது, இன்னும் சொல்லவில்லை.