பிளாட்டினக் கம்பி

"என்னைத் தவிர வேறு யாரும் இந்தத் தாங்கியைத் தொடக் கூடாது." இதை மூன்று மொழியிலும் எழுதி ஆய்வுகூடச் சுவரில் ஒட்டியவள் நான்தான். சிங்களத்தை மட்டும் நிர்வாகக் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதரிடம் எழுதி வாங்கினேன். யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும் என்றுதான் ஒட்டினேன். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சாமான் உடைந்தால் பதில் சொல்லப் போவது அவர்களா?

கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப அலுவலராக இருந்தேன். ஊர் யாழ்ப்பாணம். அது போர்க் காலம், கண்டி நகரத்திலேயே குண்டு வெடித்து முடிந்திருந்த நேரம். கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்காரி மாதம் ஒரு முறை, தமிழ் ஆள் தங்கியிருக்கிறாள் என்று என்னைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்வாள், நாய்க்கு ஊசி போடக் கொண்டு போகிற முகத்தோடு. பஸ்ஸில் என் அடையாள அட்டையைப் பார்த்த பிறகு பக்கத்தில் இருந்தவள் எழும்பி நின்றுகொண்டு வந்ததும் உண்டு. எனக்கு யாரையும் பிடிக்காது. அவர்களுக்கும் என்னைப் பிடிக்காது. கணக்குச் சரி என்று நினைத்திருந்தேன்.

அந்த ஆய்வுகூடத்தில் எனக்கென்று இருந்த ஒரே மரியாதை அந்தத் தாங்கிதான். வெளிநாட்டு உதவியில் வந்த சாமான். கரைசல் ஊற்றுகிற, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி, ஒரு அடி உயரம்கூட இல்லை. இரத்தத்தில் உள்ள புரதங்களை முதலில் ஒரு ஜெல்லுக்குள் ஓடவிட்டுப் பிரிப்போம். ஜெல் கையில் எடுத்தால் கிழிந்துவிடும், அதை வைத்து ஒன்றும் பார்க்க முடியாது. அதனால் ஜெல்லையும் ஒரு வெள்ளைச் சவ்வையும் முகத்தோடு முகம் ஒட்டி, இரண்டு பக்கமும் வடிதாளும் ஸ்பொஞ்சும் வைத்து நெருக்கி, குளிர்ந்த கரைசலுக்குள் இறக்கி மின்சாரம் விடவேண்டும். ஒரு மணித்தியாலத்தில் ஜெல்லில் இருந்ததெல்லாம் சவ்வுக்கு மாறிவிடும். தாங்கியின் ஒரு பக்கத்தில் உருக்குத் தகடு. மறுபக்கத்தில் ஒரு பிளாட்டினக் கம்பி மேலும் கீழுமாக வளைந்து ஓடும். நல்ல மெல்லிசு. மின்சாரம் விட்டவுடன் அந்தக் கம்பியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். குமிழியைக் கண்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

ஆய்வுகூடத்தைக் கூட்டிக் கழுவ ஒருத்தி இருந்தாள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து காலையில் மலையிறங்கி வருவாள். ஒன்பது வருடமாகக் கெசுவல். வேலை செய்த நாளுக்குத்தான் சம்பளம், சுகமில்லை என்று படுத்தால் அதுவும் இல்லை. அந்த வருடம்தான் அவளுடைய பெயர் நிரந்தர நியமனப் பட்டியலில் ஏறியிருந்தது. கடிதம் அடுத்த மாதம் வரும் என்று கந்தோரில் சொல்லியிருந்தார்கள். "கடிதாசி வந்துருச்சா மிஸ்?" என்று தினமும் கேட்பாள். "வந்தால் உன்ர தலையில கொண்டு வந்து வைப்பினம், போய் வேலையைப் பார்" என்பேன். என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் அவளை 'நீ' என்பேன், அவள் என்னை 'மிஸ்' என்பாள். தமிழருக்கு எதிரான கலவரத்தில் தங்கள் லயத்தைக் கும்பல் எரித்த கதையை ஒருமுறை சொல்லத் தொடங்கினாள். எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அன்று வியாழக்கிழமை. சவ்வை எடுத்துச் சிவப்புச் சாயத்தில் நனைத்தபோது, இளஞ்சிவப்புப் புரதக் கோடுகளுக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு வளைவு. பேராசிரியர் சிங்களவர், என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். என் கையிலிருந்த சாவண இடுக்கியை வாங்கி ஜெல்லின் மேலிருந்து ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நீளமான தலைமயிர். யாருடையது என்று கேட்டுவிட்டு என் பின்னலைப் பார்த்தார்.

"அடுத்த கிழமை வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு இதையா காட்டுவது?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பேராசிரியரிடம் காட்ட முடியாத கோபத்தை யாரிடம் காட்டுவது? அவள் அங்கே நிலம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச வா. இந்தத் தாங்கியைக் கொண்டுபோய்க் கழுவு. மூலை முடுக்கெல்லாம் பார்த்துக் கழுவு. ஒரு தலைமயிர் கிடந்தாலும் நான் சும்மா விடமாட்டன்."

அவள் முகம் சுருங்கியது. தோட்டத்து ஆட்கள் முடி என்பார்கள், மயிர் என்கிற எங்கள் யாழ்ப்பாணச் சொல் அவர்களுக்கு வசவு. அது தெரிந்துதான் சொன்னேன்.

"யாரும் தொடக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கீங்களே மிஸ்?"

"ஒட்டினது ஆர்? நான்தானே? இப்ப சொல்லுறதும் நான்தானே? இந்தத் தோட்டக்காட்டுச் சனத்துக்கு ஒரு வேலையைப் பத்துத் தரம் சொல்லவேணும், சனியன்."

அவள் தாங்கியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனாள். அந்தத் தாங்கியை நான் இன்னொருவர் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை. இருட்டுவதற்கு முன் இரண்டு பஸ் மாறி சோதனைச் சாவடியைத் தாண்டவேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் தாங்கி அலுமாரியில் பளபளவென்று இருந்தது. அவளை அன்று பரீட்சை மண்டபம் கழுவ அனுப்பியிருந்தார்கள். நான் ஜெல்லை அடுக்கி, ஐஸ் போட்டு, கரைசலை ஊற்றி, சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் குத்தி, மின்பெட்டியைப் போட்டேன். குமிழியைக் காணவில்லை. மின்பெட்டி கீச்சிட்டு, பூச்சியம் காட்டி நின்றுவிட்டது. வயரைக் கழற்றி மறுபடியும் பூட்டினேன். பூச்சியம்தான். குனிந்து பார்த்தேன். பிளாட்டினக் கம்பி இருந்த பக்கம் மொட்டையாக இருந்தது. இரண்டு முனையிலும் திருகாணியை ஒட்டிக் கடுகளவு துண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ கத்தரித்திருக்கிறார்கள். ஐயோ என்று நான் போட்ட சத்தத்தில் பேராசிரியர் ஓடி வந்தார்.

அவள்தான் விற்க எடுத்திருக்கிறாள் என்று உடனே நினைத்தேன். அதைச் சொன்னால், தாங்கியை அவள் கையில் கொடுத்தது நான் என்றும் சொல்லவேண்டி வரும். வாயை மூடிக்கொண்டேன்.

உதவியாக வந்த சாமான் என்பதால் பேராசிரியர் கந்தோருக்கு அறிவித்தார். பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் நிர்வாக அலுவலர், பேராசிரியர், பாதுகாப்பு அதிகாரி. எனக்கு இருக்கக் கதிரை போடவில்லை. பாதுகாப்பு அதிகாரி என் கைப்பையை மேசையில் கவிழ்த்தார். சீப்பு, பஸ் டிக்கட், சாப்பாட்டுப் பெட்டி, வவுனியாவில் இருக்கும் அம்மாவைப் பார்க்கக் கேட்டிருந்த லீவு விண்ணப்பத்தின் பிரதி. பிரதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்.

"வவுனியாவுக்குப் போகிற கிழமையில் பிளாட்டினம் காணாமல் போகிறது," என்றார் சிங்களத்தில். "வடக்கில் குண்டு செய்கிறவர்களுக்குக் கம்பி எதற்குத் தேவைப்படும் என்று எங்களுக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு என்ன விசரா? அது முழுவதையும் உருக்கினாலும் ஒரு சோடித் தோட்டுக்குக் காணாது!" எனக்கு வந்த அரைகுறைச் சிங்களத்தில் கத்தினேன். "அதை வைத்து நான் என்ன செய்வது? வானத்தில் பறப்பதா?"

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறு வருடம் அவரோடு வேலை செய்தவள் நான். கண்ணாடியில் ஊதி இன்னொரு தரம் துடைத்தார், மனுசன்.

"நேற்று தாங்கியைக் கழுவியது யார்?" நிர்வாக அலுவலர் கேட்டார்.

"நான்," என்றேன். யோசிக்காமல் வந்தது. வந்த பிறகு திருப்பி எடுக்க முடியவில்லை.

"அப்படியானால் வேறு வழியில்லை. பொலிஸ் வந்து கேட்கட்டும்."

பாதுகாப்பு அதிகாரி தொலைபேசியை இழுத்தார். எங்கள் ஆட்களைக் கேள்வி கேட்க என்று கூட்டிக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம் அது.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். பரீட்சை மண்டபத்திலிருந்து ஓடி வந்திருக்கிறாள், சேலை முழங்கால் வரை ஈரம். நேராக மேசைக்கு முன்னால் போய் நின்றாள். அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

"நான்தான் எடுத்தேன், சேர். கம்பி என்று தெரியாது. பெட்டியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பளபளவென்று இருந்தது. மிஸ்ஸுடைய நரைத்த முடி என்று நினைத்தேன். இழுத்தேன், வரவில்லை. கத்தரிக்கோலால் இரண்டு பக்கமும் வெட்டிக் குப்பையில் போட்டேன்."

பாதுகாப்பு அதிகாரி வெடித்துச் சிரித்தார். நிர்வாக அலுவலர் சிரித்தார். பேராசிரியர் என் பின்னலைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். முப்பத்தெட்டு வயதில் எனக்கு நரை விழத் தொடங்கியிருந்தது. தினமும் காலையில் கண்ணாடிக்கு முன் அதை மறைத்து வாரித்தான் வருவேன். பொலிசிலிருந்து தப்பிவிட்டேன் என்ற நினைப்புக்கு முன்னால், இவள் என்னை இவர்கள் மத்தியில் இப்படி நாறடித்துவிட்டாளே என்ற ஆத்திரம்தான் வந்தது. வெட்கம்கெட்ட உண்மை, ஆனால் அதுதான் வந்தது.

நிர்வாக அலுவலர் சிரிப்பை நிறுத்தினார்.

"தாங்கியைக் கழுவியது தான்தான் என்று மிஸ் சொல்கிறார். யாரும் தொடக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. நீ ஏன் தொட்டாய்? யாராவது சொன்னார்களா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று பஸ் வருகிற பக்கம் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

நான் சொல்லியிருக்கலாம். நான்தான் கொடுத்தேன், ஒரு மயிர் கிடக்கக் கூடாது என்று நான்தான் மிரட்டினேன், அவள் சொன்னதைச் செய்தாள். இவ்வளவுதான். பொய் சொன்னதற்கு எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், பேராசிரியர் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். நான் மேசையில் கிடந்த என் சீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாரும் சொல்லவில்லை, சேர்," என்றாள். "மிஸ் கழுவி வைத்ததற்குப் பிறகு நானாகத்தான் எடுத்துப் பார்த்தேன்."

அறிக்கை சிங்களத்தில் தட்டச்சாகி வந்தது. எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க நேரம் பிடிக்கும் என்று நிர்வாக அலுவலரே வாசித்துக் காட்டினார். கெசுவல் ஊழியர் அனுமதியின்றிக் கருவியைத் தொட்டுச் சேதப்படுத்தினார். தொழில்நுட்ப அலுவலர் அவருக்கு எந்த உத்தரவும் கொடுக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். லீவு விண்ணப்பத்தையும் அதே மேசையில் வைத்து அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவளுடைய பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டினார்கள். திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள்.

மத்தியானம் தன் செருப்பையும் தேநீர்க் கோப்பையையும் எடுக்க ஆய்வுகூடத்துக்கு வந்தாள். மாணவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மொட்டைத் தாங்கியைத் துடைத்துக்கொண்டிருப்பது போல நின்றேன். அவள் கோப்பையைக் கழுவி, துடைத்து, பைக்குள் வைத்தாள்.

"பொலிசுக்குச் சொல்லப் போறாங்கன்னு பியோன் வந்து சொன்னாரு," என்றாள். "ஒங்கள புடிச்சா எப்ப விடுவாங்கன்னு சொல்ல முடியாது. கலவரத்துல நான் எல்லாம் பாத்தவ. அதான் ஓடியாந்தேன். ஒங்க மேல பாசத்துல ஒண்ணும் வரல."

"நான் உன்னைக் கூப்பிட்டனானோ?" என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் அப்படித்தான் போனது.

"கூப்பிடல. 'நான்தான் கழுவச் சொன்னேன்'னு ஒரு வார்த்த வரும்னு ஒங்க வாயவே பாத்துக்கிட்டு நின்னேன். வரல."

"வந்திருந்தா இரண்டு பேருக்கும் வேலை போயிருக்கும்."

அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

"இல்ல மிஸ். ஒங்களுக்குப் போயிருக்காது. எனக்கும் போயிருக்காது. நீங்க சொன்னதத்தானே செஞ்சேன்? அது அந்த ஐயாமாருக்கு வெளங்கியிருக்கும். ஒங்களுக்கும் வெளங்குச்சு."

சுவரில் நான் எழுதி ஒட்டிய தாளை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனாள். நான் யன்னலால் பார்த்தேன். ஹந்தானைப் பக்கம் திரும்பி மலை ஏறும் பாதையில் நடந்தாள். ஓடிப் போய் மறித்திருக்கலாம். நிர்வாக அலுவலர் அந்த நேரம் கந்தோரில்தான் இருந்தார். மூன்று நிமிட நடை.

நான் வவுனியாவுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். ஏழு மாதம் கழித்து ஒரு கடித உறைக்குள் புதுக் கம்பி வந்தது. பூட்டி, கரைசலை ஊற்றி, மின்சாரம் விட்டேன். குமிழி கிளம்பியது. பேராசிரியர் கை தட்டினார். அன்று பின்னேரம் தாங்கியைக் கழுவ ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நானே கழுவுகிறேன் என்றேன். ஓய்வு பெறும் வரை நான்தான் கழுவினேன். அவள் வாய் திறந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்.