மூன்று பிந்துவுக்கும் ஒரே நம்பர்

பத்தாம் வகுப்போடு நின்றவள் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். மன்னிக்க வேண்டும். நேரில் கேட்டால் வாயே திறக்கமாட்டேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் துணிகிறேன்.

தொண்ணூறுகளில் கேரள எல்லையிலுள்ள பாறசாலையில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தேன். முதலாளியை சார் என்போம். ஆறு மாத டிப்ளமோ படித்தவர். சான்றிதழைச் சாமி படத்துக்கும் மேலே மாட்டியிருந்தார். செருப்போடு உள்ளே வந்தால் கம்ப்யூட்டருக்கு வைரஸ் பிடிக்கும் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு.

தனுவச்சபுரத்துத் தனியார் கல்லூரி ஒன்றுக்கு ஹால் டிக்கெட் அச்சடிக்கும் வேலை வந்தது. அந்தக் காலத்தில் விவரங்களைச் சேர்த்துவைக்கிற ஃபாக்ஸ்புரோ புரோகிராமில் இரண்டு டேபிள், அதாவது இரண்டு பட்டியல். ஒன்று, விண்ணப்பங்களைப் பார்த்து நான் அடித்த மாணவர் விவரம். இன்னொன்று, பல்கலைக்கழகத்திலிருந்து பிளாப்பியில் வந்த ரிஜிஸ்டர் நம்பர் பட்டியல். இரண்டையும் இணைத்து, நம்பரை முதல் டேபிளில் ஏற்ற வேண்டும். சார் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்து இணைத்தார். இரண்டிலும் விண்ணப்ப எண் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. சான்றிதழ் அவருடையதல்லவா?

பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் மூன்று பெண்கள் படியேறி வந்தார்கள். மூவரும் எஸ். பிந்து.

"அக்கா, எங்க மூணு பேருக்கும் ஒரே நம்பராக்கும். ஒருத்தி மடியில ஒருத்தி இருந்து எழுதணுமோ?"

"கம்ப்யூட்டருக்குத் தப்பு வராது மக்கா. காலேஜில போய்க் கேளுங்க" என்றார் சார்.

"அங்க இருந்துதான் வாறோம். கம்ப்யூட்டர் தந்ததை மாத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

மூவரில் அம்பூரி என்ற ஊரிலிருந்து வந்த பிந்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "போன வருசம் மஞ்சக்காமாலை வந்து எழுதல்ல சார். இந்தத் தடவையும் விட்டா வீட்டில கல்யாணம் கெட்டிச்சுக் குடுத்துருவாங்க."

சார் குனிந்து மூவரின் காலையும் பார்த்தார். செருப்பு இல்லை. ஆராய்ச்சி கைவிட்டதும் கம்ப்யூட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டார். நம்பர் மாறவில்லை.

நான் திரையைப் பார்த்தேன். மூவருக்கும் பிறந்த தேதி மே இருபத்தைந்து, வருடமும் ஒன்றே.

"மூணு பேரும் ஒரே நாளிலயா பெறந்தீங்க?"

"யாருக்குத் தெரியும் அக்கா? ஹெட்மாஸ்டர் போட்ட தேதியாக்கும்."

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் தேதி தெரியாமல் பள்ளியில் சேர வந்த பிள்ளைக்குத் ஜூனில் பள்ளி திறக்கும்முன் வயது நிறையட்டும் என்று தலைமையாசிரியரே மே மாதத்தில் ஒரு தேதி போட்டுவிடுவார். ஐப்பசி மழையில் பிறந்த எனக்கும் மே இருபத்தைந்துதான். பெயரும் தேதியும் ஒன்றாக இருந்தால், புரோகிராம் முதலில் கண்ட பிந்துவைப் பிடித்துக்கொண்டு அவள் நம்பரையே எல்லாருக்கும் கொடுத்துவிடும்.

சாரிடம் மெல்லச் சொன்னேன்: "சார், விண்ணப்ப நம்பரை வச்சு இணைச்சுப் பாத்தா..."

"அதைத்தான் நானும் நினைச்சேன். நீ அடி" என்றார்.

அடித்தேன். மூன்று பிந்துவுக்கும் மூன்று நம்பர் வந்தது. அதோடு இன்னும் நான்கு சுனில்குமார்களும் இரண்டு பிஜுக்களும் பிரிந்தார்கள். அதுவரை ஒட்டிக்கிடந்தது அவர்களுக்கே தெரியாது. அவர்களுடைய டிக்கெட்டையும் அச்சடித்து, தனுவச்சபுரம் வழியாகப் போகிற பிந்துவிடம் கொடுத்தனுப்பினோம். அம்பூரிக்காரி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். டேபிள்களை இணைக்கும் முன், ஆளுக்கு ஆள் வேறாக இருப்பது எது என்று பாருங்கள். எங்கள் ஊர்க்காரர் பிறந்தநாளை நம்பாதீர்கள். தெரிந்ததை முதல் நாளே சொல்லிவிடுங்கள்; நான் சொல்லாததற்கு அந்தப் பெண் அழ வேண்டியிருந்தது.

மறுநாள் மூன்று பிந்துவும் பரீட்சை எழுதினார்கள். சாரின் திறமையைப் பாராட்டிக் கல்லூரி ஒரு நன்றிக் கடிதம் எழுதி, டைப் அடிக்க எங்கள் சென்டருக்கே அனுப்பியது. நான்தான் அடித்தேன்.