முனிக்கு வைத்த முதல் கிளாஸ்

சுப்பையாவைக் குடிகாரன் என்று எவனாவது சொன்னால் அது கலப்படமில்லாத பொய். அவன் குடித்ததெல்லாம் ருசி பார்க்க நாக்கில் விட்ட சொட்டுகள்தான். அவனுக்குப் பித்து காய்ச்சுவதில். சிலருக்குப் புறா, சிலருக்குச் சேவல், சிலருக்கு ஆர்மோனியம் என்று ஒன்று பிடித்துக்கொள்கிறது இல்லையா, அப்படி இவனுக்குச் சாராயம். புறா வளர்ப்பவனைத் தேடி போலீஸ்கார மாத்தா வருவதில்லை, இவனைத் தேடி வந்தால் கையில் விலங்கோடு வருவான். வித்தியாசம் அவ்வளவுதான்.

வாரம் முழுக்கக் கப்பல் பட்டறையில் பிட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் சுங்கை பினாங் ஆற்றோரச் சந்தில், தன் வீட்டுச் சமையற்கட்டுக்குப் பின்னால், தகரத் தடுப்புக்குள் போய் உட்கார்ந்துவிடுவான். அங்கே ஒரு செம்புப் பானை, அதன் மூடியிலிருந்து கிளம்பித் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் சுற்றிச் சுற்றி இறங்கும் ஒரு செம்புக் குழாய். பழைய இரும்புக் கடையில் வாங்கிய அந்தக் குழாயை மணல் நிரப்பி, சூடு காட்டி, ஒரு நெளிவு விழாமல் தானே சுருளாக வளைத்திருந்தான். அன்னாசியில் ஊறல் போட்டான். வாழைப்பழத்தில் போட்டான். ஒருமுறை டுரியானில் போட்டுப் பார்த்ததில் மனைவி வள்ளியம்மா பல நாள் அவன் முகத்தில் விழிக்கவில்லை. கடைசியில் அவன் மனம் போய் நின்றது சாதிக்காயில். கொட்டையை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் தள்ளிவிடுகிற சதையைப் பாலிக் புலாவிலிருந்து கூடையில் சுமந்து வந்து, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டுக் காய்ச்சினால் வருமே ஒரு வாசனை, அதை முகர்ந்துகொண்டே செத்துப்போகலாம் என்பான். விற்கமாட்டான். தீபாவளிக்கு நாலு சிநேகிதர்களுக்கு ஆளுக்கொரு சின்னப் புட்டி, அதோடு சரி.

வள்ளியம்மாவுக்கு இது அறவே பிடிக்காது. ஆனாலும் அவன் அடுப்பு மூட்டினால் அவளும் முன்னடுப்பில் பெலாச்சான் என்கிற இறால் விழுதைச் சுட ஆரம்பிப்பாள். பெலாச்சான் வாடைக்கு முன்னால் எந்தச் சாராய வாடையும் வாயைத் திறக்காது. "ஜெயிலுக்குப் போற புருசனுக்குச் சோறு கட்டுறதவிட இது சுளுவு" என்பாள்.

சுப்பையாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. குழாயில் முதலில் விழுகிற ஒரு கிளாஸ் முனீஸ்வரனுக்கு. ஆற்றங்கரை அங்சானா மரத்தடியில் குங்குமம் பூசிய ஒரு கல், அதுதான் முனி. ஊரே சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும் உச்சி வெயிலில் கிளாஸைக் கொண்டுபோய்க் கல்லுக்குப் பின்னால் வைத்து, ஓர் இலையால் மூடிவிட்டு வருவான். பக்தி உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் வருவது மூக்கைத் துளைக்கும் காட்டம், மனிதன் குடித்தால் தலை பிளந்துவிடும். எப்படியும் கொட்ட வேண்டியதைச் சாமிக்கு வைத்ததாகவும் ஆயிற்று என்று ஒரு சௌகரியமும் அதில் இருந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் கிளாஸ் காலியாக நிற்கும்.

"நாயி குடிச்சிருக்கும்" என்பாள் வள்ளியம்மா.

"நாயி குடிச்சா கிளாசு கவுந்துல்ல கெடக்கும். முனி ஏத்துக்கிச்சு லா."

அந்தக் கல்லுக்குத் தினமும் விளக்கு வைப்பவர் பக்கத்து வீட்டுத் திருநாவுக்கரசு. துறைமுகத்தில் சரக்கு எண்ணும் உத்தியோகம், நெற்றி நிறைய விபூதி, மீன் வாடை பட்டாலே முகம் சுளிக்கும் சைவம். போதாக்குறைக்கு மதுவிலக்குச் சங்கத்தின் காரியதரிசி. மரத்தடியில் பெட்டி மேல் ஏறி நின்று பேசுவார். கள்ளுக்கடையில் கூலியைக் கொட்டிவிட்டு வருகிறவன் வீட்டில் பிள்ளைகள் என்ன தின்னும் என்று அவர் கேட்கும்போது ஆம்பிளைகளே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவர் பேச்சைக் கேட்டுக் கள்ளுக்கடைப் பக்கம் போவதை அடியோடு விட்டவர்கள் அந்தச் சந்திலேயே பலர். சுப்பையா அவரைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டை இறக்கிவிடுவான்.

ரப்பர் விலை விழுந்து எல்லோருக்கும் கூலி குறைந்த அந்த வருஷம், பக்கத்துச் சந்தில் சோதனை நடந்து ஒருவனைப் பிடித்துப்போனார்கள். சுப்பையா பானையையும் சுருளையும் பரணில் ஏற்றிவிட்டான். மாசக்கணக்கில் கை நமநமவென்று இருந்தது. சாதிக்காய்க் காலம் வந்ததும் மனம் கேட்கவில்லை. ஊறல் போட்டான். அது கொஞ்சம் புளிக்கத் தொடங்கியதும் இனித் தாங்காது, காடியாகிவிடும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசர அவசரமாகச் சுருளை இறக்கி மாட்டினான்.

செம்புப் பாத்திரத்தைச் சும்மா போட்டால் களிம்பு ஏறும் என்பது பாத்திரம் தேய்க்கிற எல்லோருக்கும் தெரியும். சுருளுக்குள் கை விட்டுத் தேய்க்க முடியாது என்பதால் ஒவ்வொரு தடவையும் கொதிக்கிற புளித்தண்ணீரை உள்ளே விட்டுக் கழுவுவான். அன்றைக்கு விட்டுவிட்டான். முதல் கிளாஸ் லேசான பச்சை நிறத்தில் வந்தது.

பார்த்தான். தெரியாமல் இல்லை. அதைக் கொட்டிவிட்டு அடுத்ததை முனிக்கு வைத்திருக்கலாம். ஆனால் அடுத்தது கண்ணாடி மாதிரி தெளிந்து, மணந்துகொண்டு வந்தது, அதைக் கல்லுக்குப் பின்னால் வைக்க மனசு வரவில்லை. சாமிக்குக் களிம்பு என்ன செய்துவிடும் என்று நினைத்தான். பச்சைக் கிளாஸைக் கொண்டுபோய் வைத்து, இலையால் மூடி, கும்பிட்டுவிட்டு வந்தான்.

வெயில் தாழ்வதற்குள் பக்கத்து வீட்டில் திருநாவுக்கரசின் மனைவி லெட்சுமியக்கா அலறும் சத்தம் கேட்டது.

சுப்பையா ஓடினான். திருநாவுக்கரசு பாயில் சுருண்டு கிடந்தார். வாந்தியும் பேதியுமாக மனிதர் துவண்டு போயிருந்தார், கண்கள் உள்ளே போய்விட்டன, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். "சாமி கும்பிட்டுட்டு வந்து படுத்தாரு தம்பி. காலைல சாப்பிட்ட இட்டிலியத் தவிர வேற ஒண்ணும் வாயில வெக்கல" என்று லெட்சுமியக்கா அழுதாள். வாந்தி எடுத்த சட்டிகளையெல்லாம் அவள் ஆற்றில் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அவர் வாய் துடைத்த துண்டு மட்டும் மூலையில் கிடந்தது. அதில் பச்சைக் கறை.

சுப்பையா துண்டைப் புரட்டிப் பார்த்தான். மரத்தடிக்குப் போனான். கிளாஸ் காலியாக, நிமிர்ந்து நின்றது. அதன் மேல் விபூதி விரல்கள் பதிந்திருந்தன.

அவன் திரும்பி வருவதற்குள் தெருமுனையில் குடியிருக்கும் டிரெஸர் சந்திரசேகரன் வந்து நாடி பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாவைப் பார்த்தவர், பதற்றப்படாமல்தான் பேசினார். "காலரான்னு நினைக்கிறேன். ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லி அனுப்பியாச்சு. யாரும் இந்தச் சந்த விட்டு வெளிய போகாதீங்க. தொத்து பரவாம இருக்க எல்லாருமா ஜெரெஜாக் தீவுல போய் இருக்க வேண்டியிருக்கும்."

ஜெரெஜாக் என்றதும் சந்து முழுக்க ஓலம். முன்னே ஒருமுறை ஆற்றுக்கு அக்கரையில் அப்படிக் கொண்டுபோனார்கள். பாய் தலையணை எல்லாவற்றையும் கொளுத்தினார்கள், திரும்பி வந்தவர்களுக்கு வேலை இல்லை, சிலர் திரும்பியே வரவில்லை. எதிர்வீட்டு ஹபீபா பீவி டிரெஸரின் காலில் விழாத குறையாக நின்றாள். "எம் மக சித்தி ஆயிஷாவுக்கு நெற மாசங்க. தீவுக் கொட்டாயில அவ எப்பிடிப் பெத்துப் பொழைப்பா?"

சுப்பையா மறுபடி உள்ளே போனான். லெட்சுமியக்கா தண்ணீர் எடுக்க நகர்ந்த நேரம் பார்த்துப் படுத்திருந்தவர் காதருகில் குனிந்தான்.

"அண்ணே, அந்தக் கிளாசு..."

திருநாவுக்கரசின் கண்கள் திறந்தன. அவன் மணிக்கட்டைப் பிடித்தார். சாகக் கிடக்கிறவருக்கு அவ்வளவு பிடி எங்கிருந்து வந்ததோ. "சொல்லிடாதே" என்றார். "காலராவுல செத்தேன்னே இருக்கட்டும்."

சுப்பையா கையை விடுவித்துக்கொண்டு எழுந்தான். வீட்டுக்கு வந்தால் அங்கே வள்ளியம்மா சுருளைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். வீடு வீடாகச் சோதிக்க வருவார்கள், அதற்குள் ஆற்றில் போட வேண்டும் என்றாள். அவன் நடந்ததைச் சொன்னான். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அவரே சொல்லாதேன்னுட்டாரு இல்ல?"

"அவரு செத்துருவாரு. டிரெஸரு காலரா மருந்தக் குடுக்குறாரு. இது வேற."

"சொன்னா நீ உள்ள போவே. பட்டறையில திரும்பச் சேத்துக்குவானா? ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எவன் வீட்டு வாசல்ல போயி நிக்கிறது?"

வாசலில் ஹபீபா பீவியின் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பது தெரிந்தது. தெருமுனையில் வண்டியின் மணி கேட்டது. வள்ளியம்மாவும் அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாக்கை அவிழ்த்துச் சுருளை வெளியே எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"போ. எனக்குப் புத்தி மாறுறதுக்குள்ள போயிரு."

சந்தில் கூட்டம் விலகியது. சுருளோடு வருகிறவனைப் பார்த்து டிரெஸர் எழுந்து நின்றார். வண்டியோடு வந்த போலீஸ் கோப்ரல் கமால், சந்துத் தமிழர்களோடு சேர்ந்து வளர்ந்தவர், ஒரு பார்வையிலேயே அது என்னவென்று புரிந்துகொண்டார்.

"காலரா இல்லீங்க ஐயா" என்றான் சுப்பையா. "செம்புக் களிம்பு. நான் காய்ச்சுனதுல எறங்கியிருச்சு. எளநியில கலந்து நான்தான் குடுத்தேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது." உள்ளே மூலையில் கிடந்த பச்சைக் கறை படிந்த துண்டை எடுத்து வந்து நீட்டினான்.

டிரெஸர் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுருளின் வாயில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் பச்சையாக வந்தது. "முட்டை வேணும். வெள்ளைக்கரு மட்டும், எவ்வளவு கிடைக்குதோ அவ்வளவு. பாலும் கொண்டாங்க" என்றார். ஹபீபா பீவி வீட்டுக்குள் ஓடினாள்.

கமால் மட்டும் சுப்பையாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "திருட்டுச் சாராயம் ஒரு கேசு. தெரியாம கலந்து குடுத்தது வேற கேசு. அது வெஷம் குடுத்த கேசு தம்பி. ரொம்ப வருசம் போவும். சரியாத்தான் சொல்றியா?"

சுப்பையா இதை எதிர்பார்க்கவில்லை. திருநாவுக்கரசின் பெயரைக் காப்பாற்ற வாயில் வந்த பொய், அது இப்படித் தன் கழுத்தைச் சுற்றும் என்று யோசிக்கவில்லை. வள்ளியம்மா நிற்கும் பக்கம் அவன் பார்க்கவில்லை, பார்த்தால் உடைந்துவிடுவான்.

"ஆமாங்க" என்றான்.

"இல்ல."

உள்ளேயிருந்து வந்தது அந்தக் குரல். லெட்சுமியக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு திருநாவுக்கரசு எழுந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் சந்தே நின்றது. அவர் பேச்சைக் கேட்டுக் கள்ளை விட்டவர்கள் எல்லோரும் நின்றார்கள்.

"அவன் குடுக்கல. முனிக்கு வச்சத நானே எடுத்துக் குடிச்சேன். இன்னிக்கு மட்டுமில்ல. அவன் வச்ச ஒவ்வொரு தடவையும்."

லெட்சுமியக்கா அவரை விட்டுக் கையை எடுத்தாள், பிறகு அவர் சாய்வதைப் பார்த்துத் திரும்பவும் பிடித்துக்கொண்டாள். ஹபீபா பீவி நீட்டிய கிண்ணத்தை, முட்டை வாடை பட்டாலே எழுந்து போகிற அந்த மனிதர், அத்தனை பேர் பார்க்க வாங்கிக் குடித்தார்.

சந்து முழுவதையும் ஏற்றிப் போக வந்த வண்டியில் கடைசியில் ஏறியவர்கள் நான்கு பேர்தான். முன்னால் டிரெஸரும் கமாலும். பின்னால் பலகையில் படுத்தபடி திருநாவுக்கரசு, எதிரே சுருளை மடியில் வைத்துக்கொண்டு சுப்பையா. வாந்தி நின்றிருந்தது. பிழைத்துக்கொள்வார் என்று டிரெஸர் சொல்லிவிட்டார். வள்ளியம்மா வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து வந்து நின்றுவிட்டாள்.

பாலம் தாண்டியதும் திருநாவுக்கரசு பேசினார். "இன்னிக்கு ருசி ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. சாமி பங்கு வீணாப் போகுதேன்னு குடிச்சிட்டேன்."

"சாமி பங்கு இல்லண்ணே, அது கழிவு." சொல்லும்போதே சுப்பையாவுக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. "மொதல்ல விழுறது மனுசன் குடிக்க ஆகாது. ஒவ்வொரு தடவையும் கழிவத்தான் கொண்டாந்து வச்சேன். நல்லத நான் வச்சதே இல்ல."

அவர் பலகையில் அவன் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.

"நல்லது எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார்.

சுப்பையா மடியிலிருந்த சுருளைப் பார்த்தான். கண்ணாடி மாதிரி தெளிந்து, மணந்துகொண்டு வந்தது ஒரு பானை நிறைய வீட்டில் இருந்தது. இந்நேரம் அதை வள்ளியம்மா ஆற்றில் கொட்டியிருப்பாள்.

"பக்கத்து வீடுதானே அண்ணே" என்றான். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."