ஐஸ் பெட்டியில் தாமரை மொட்டு

என் வீட்டு ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில், கீரைக்கட்டுக்குப் பக்கத்தில், செய்தித்தாள் சுற்றிய தாமரை மொட்டு ஒன்று நேற்றிலிருந்து படுத்திருக்கிறது. “சாமிக்குன்னா போட்டுட வேண்டியதுதானே அத்தே, பூவுக்கு எதுக்கு இந்தக் குளிரு?” என்று மருமகள் சிரிக்கிறாள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஈரத்தாளும் பச்சைத் தண்டும் கலந்த வாசனை முகத்தில் அடிக்கிறது. அந்த வாசனை வந்தால் போதும், அண்ணி வந்து பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

மலாய் நாடு சுதந்திரம் வாங்கிய புதிது. காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா தவறியதும், அவருடைய அஸ்தியை ராமேஸ்வரத்தில் கரைக்க அண்ணன் கப்பலேறினார். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று போனவர், அடுத்த கப்பல், அடுத்த கப்பல் என்று எழுதிக்கொண்டே இருந்தார். வீட்டில் அம்மா, அண்ணி, இன்னும் கல்யாணம் ஆகாத நான். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்கு ஜாக்கெட் துணி எடுக்கப் போனால்கூட, “என்னம்மா, உங்க அண்ணன் அங்கேயே ஒண்ணைக் கட்டிக்கிட்டாராமே?” என்று கேட்க ஆள் இருந்தது. அண்ணி அது காதில் விழாத மாதிரி துணியை வெளிச்சத்தில் பிடித்துச் சாயம் பார்ப்பார். வீட்டுக்கு வந்த பிறகுதான் துணியை வாங்காமலே வந்துவிட்டோம் என்பது இருவருக்கும் தெரியும்.

அண்ணன் போன பிறகு, தண்ணீர் பிடித்து வைக்கும் பழைய தெம்பாயான் ஜாடி ஒன்றில் அண்ணி சேறு நிரப்பித் தாமரைக் கிழங்கு ஊன்றியிருந்தார். முதல் பூ பூத்ததும் ரெண்டு பேராக வந்து உன் காலடியில் வைக்கிறோம் தாயே என்று அம்மனிடம் வேண்டுதல். இலை இலையாக வந்ததே தவிர மொட்டைக் காணோம். “அண்ணி, உங்க தாமரையும் அடுத்த கப்பல்லதான் வருதோ?” என்று சீண்டுவேன். “ஆமா, வர்றப்ப உன் வாய்க்குப் பூட்டு ஒண்ணு வாங்கிட்டு வருது” என்பார்.

கடைசியில், இந்தக் கப்பலில் நிச்சயம் வருகிறேன் என்று அண்ணன் தந்தி கொடுத்தார். அம்மன் கண் திறந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், மொட்டும் அப்போதுதான் தண்ணீருக்கு மேல் தலை நீட்டியது. ஆனால் கப்பல் வந்து சேரும்வரை அது பொறுக்காது. தாமரை விரிந்தால் சீக்கிரமே இதழ் கொட்டிவிடும். வேண்டிக்கொண்டதோ முதல் பூ. அண்ணி காலையும் மாலையும் குனிந்து மொட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார். கல் மாதிரி இருக்கும்போது வெட்டினால் பிறகு விரிக்கவே முடியாது. காது மடல் மாதிரி மெத்தென்று அமுங்கினால் அன்றைக்கே வெட்டிவிட வேண்டும். அப்படி அமுங்கிய விடியலில், வெயில் படுமுன், ஜாடித் தண்ணீருக்குள் கையை விட்டுக் காம்பை நறுக்கினார். தண்ணீருக்கு மேலே வெட்டினால் காம்பு காற்றைக் குடித்துப் பூ தலை சாய்ந்துவிடுமாம். வெட்டிய இடத்தில் பால் வடிந்து நூல் நூலாக இழுத்தது. மொட்டைத் தாமரை இலையில் பொதிந்து, அதன்மேல் ஈரச் செய்தித்தாளைச் சுற்றினார். தாள் முழுக்கக் கொடியும் ஊர்வலமுமாகப் படங்கள்.

எங்கள் வரிசையில் ஐஸ் பெட்டி இருந்தது எதிர்வீட்டு நோஞ்ஞாவிடம் மட்டும்தான். வீட்டிலும் மலாய் பேசும் சீனத்து அம்மாள். அம்மா பதறிவிட்டார். “பன்னிக்கறி வைக்கிற பொட்டியில சாமிப் பூவா? இது அடுக்குமா?” அண்ணி மொட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் நான்தான் போய் நோஞ்ஞாவிடம் விஷயத்தை மென்று விழுங்கி மலாயில் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பெட்டியில் இருந்த கறியையெல்லாம் எடுத்துச் சமைத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினார். தட்டுகளை எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினார். பிறகு அம்மாவையே கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னார். “தா அப்பா லா”, பரவாயில்லை என்று கையை அசைத்துவிட்டு, தன் பீங்கான் தட்டில் வரைந்திருந்த பெரிய சிவப்புப் பூவைக் காட்டினார். அது பியோனிப் பூவாம், சீனத்துக் குளிரில்தான் பூக்குமாம். பிறந்ததிலிருந்து இந்தத் தட்டில்தான் சாப்பிடுகிறேன், ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை, உங்கள் பூவாவது என் வீட்டில் இருக்கட்டும் என்றார். அந்த நல்ல மனசை அம்மன் அறிவாள்.

கப்பல் வந்தது. அழைத்துவரப் போன மாமா தனியாகத் திரும்பினார். “கடைசி ஆளு எறங்குற வரைக்கும் நின்னேன்மா” என்றவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அம்மா ஓவென்று அழுதார். அண்ணி எழுந்து எதிர்வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால், குளிர் பட்டு வெளியிதழ்களின் ஓரம் கறுத்திருந்தது. குளித்துவிட்டு வந்து, மூச்சுக் காற்று பூவில் படாதபடி முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வெட்டிய தாமரை தானாக விரியாது. உள்ளங்கைச் சூட்டில் மொட்டை வைத்திருந்து, ஒவ்வோர் இதழாக நீவிப் பிரித்து, கறுத்த ஓரங்களை உள்பக்கம் மடித்துச் செருகினார். கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணை நான் பார்க்கவில்லை.

“கெளம்பு பாப்பா.”

“நானா அண்ணி?”

“ரெண்டு பேரா வர்றோம்னுதானே சொன்னேன். நீயும் உங்கண்ணன் ரத்தம்தானே, வா.”

சன்னிதியில் பூவை வைத்த பிறகும் அண்ணி என் மணிக்கட்டை விடவில்லை. வளையல் சதையில் பதிந்து வலித்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகுதான் கடிதம் வந்தது. அப்பாவைப் பெற்ற தாத்தா அங்கே படுத்த படுக்கை. கிளம்புகிற அன்று அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். நீ இங்கே வந்துவிடு என்று அண்ணன் எழுதியிருந்தார். அண்ணியின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. புறப்படுகிற காலையில் தெம்பாயானுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்: “மொட்டு வந்தா வெட்டி நோஞ்ஞாகிட்ட குடுத்து வை. நான் வந்துடறேன், அதுக்குள்ள விரிய விட்டுடாதே.”

வெட்டி வைத்தேன். தாத்தா போனார், பிள்ளைகள் பிறந்தார்கள், பிறகு இங்கே திரும்பி வருவதென்றால் அரசாங்கத்தில் ஆயிரம் தாள் பத்திரம் கேட்டார்கள். அண்ணி ஒவ்வொரு கடிதத்திலும் தாமரையைத்தான் முதலில் விசாரிப்பார். கடைசியாக வந்த கடிதம் அண்ணன் எழுதியது. அண்ணி தவறிவிட்டார் என்று நான்கு வரி.

இப்போது செங் என்கிற ஊரில் மகனோடு இருக்கிறேன். நோஞ்ஞாவின் வீடு வெளியூர்க்காரர் தங்கும் விடுதியாகிவிட்டது. விளிம்பு உடைந்த தெம்பாயானை மட்டும் லோரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன். ஆண்டவன் புண்ணியத்தில் இன்னும் பூக்கிறது. முதல் மொட்டை வெட்டினால் ஐஸ் பெட்டியில் சில நாள் வைக்காமல் கோயிலுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வருவதில்லை. இனி யார் வரப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் வைப்பேன்.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, வாயைக் கட்டிக்கொண்டு, பெட்டியிலிருந்து எடுத்து விரிப்பேன். அம்மன் முன்னால் நிற்கும்போது என் வலப்பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விடுவேன். கூட்ட நாளில் யாராவது வந்து அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். நான் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து, மறுபடியும் இடம் விட்டு நிற்பேன்.