மெஷின் சூடாக்காத பத்து நாள்

என் மகளுக்குக் கையில் கரப்பன். சவர்க்காரத் தண்ணீர் பட்டால் விரலிடுக்கு வெடித்து இரத்தம் கசியும். கலியாண மோதிரத்தைக்கூடக் கழற்றி வைத்துவிட்டாள். சட்டி, கோப்பை கழுவுவதை விடாவிட்டால் மருந்து பூசிப் பிரயோசனமில்லை என்றார் டொக்டர். எனக்கோ முழங்கால் மடங்காது, குந்தியிருந்து கழுவ ஏலாது. அதனால் மருமகன் கல்முனையிலிருந்து கோப்பை கழுவும் மெஷின் ஒன்று வாங்கி வந்தார். கட்டாரில் ஹோட்டலொன்றில் அப்படியான மெஷினோடு வேலை செய்தவர். தானே பூட்டினார்.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூன்று தரம் தண்ணீர் ஊற்றி அலசினால்தான் நான் சுத்தம் என்பேன். ஆனாலும் ஒரு கிழமை நன்றாகத்தான் கழுவியது. கதவைத் திறந்தால் ஆவி முகத்தில் அடித்தது. மகளின் கையில் புதுத் தோல் பிடித்தது.

பிறகு சூடு நின்றுவிட்டது. இறைச்சிக் கொழுப்பு கோப்பையில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. மெஷினில் எரிகிற எழுத்தெல்லாம் எனக்கு வாசிக்கத் தெரியாது, கை சொல்லும். பாதியில் நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரின் அதே குளிர். மகள் சவர்க்காரத்தை எடுத்தாள். விரல்கள் திரும்ப வெடித்தன.

மருமகன் மெஷினைப் படுக்கப் போட்டுப் பார்த்தார். சூடாக்கும் கம்பியை மீட்டர் வைத்து அளந்தார். அதில் பிழை இல்லை. மெஷினுக்கு மூளை மாதிரியான மண்டைப் பலகைதான் போயிருக்கும், தான் பூட்டிய விதத்தில்தான் பிழை என்று முடிவெடுத்தார். பத்தாம் நாள், நாளைக்குக் கழற்றி வந்த விலைக்குக் கொடுத்துவிடுவோம் என்று மகளிடம் சொன்னார்.

நான் அடுத்த அறையில் சீலைத் திரைக்குப் பின்னால் இருந்தேன். மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. பதினெட்டு வருஷமாக அவர் கேட்பதும் நான் சொல்வதும் மகளின் வாய் வழியாகத்தான் போய்வரும்.

"தண்ணி குறைவா வந்தா இது சூடாக்காது, கம்பி எரிஞ்சிடும் எண்டு தானா நிப்பாட்டிடும்" என்று மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "ஆனா டேங்க் உசரத்திலதானே கிடக்கு. தண்ணிக்குக் குறைவில்ல."

நான் பின்சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் துரு வரும். எந்தக் குழாய்க்கும் வெள்ளைத் துணி கட்டாமல் நான் தண்ணீர் பிடித்ததில்லை. மெஷின் பூட்டிய அன்று அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம், பின்சுவர்க் குழாயிலிருந்து மெஷினுக்குத் தண்ணீர் போகும் ஹோஸைக் கழற்றி, மல்துணியை இரண்டாக மடித்து உள்ளே வைத்துத் திரும்ப முறுக்கியிருந்தேன். என் தண்ணீரை நான் பார்த்துக்கொள்வேன் என்ற எண்ணம். ஒருவரிடமும் சொல்லவில்லை.

வாயை மூடிக்கொண்டு, அவர் இல்லாத நேரம் துணியை உருவியிருக்கலாம். மெஷின் தானாகச் சரியானது என்றிருப்பார்கள். அப்படியும் யோசித்தேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவர் பத்து நாளாகத் தன் கைவேலையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரையை விலக்கினேன்.

"மருமகன், குழாய்க்குள்ள துணி இருக்கு. நான்தான் வெச்ச."

அவர் எழுந்து பின்னால் போனார். துணியோடு வந்தார், செங்கட்டி மாதிரித் துரு ஏறிப்போயிருந்தது. அதை ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாமி, இவ்வளவு துருவும் உள்ள போயிருந்தா மெஷின் எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்றார். "வடிகட்டி ஒண்டு பூட்டியிருக்கணும். எனக்குத்தான் விளங்கல்ல."

"பதினெட்டு வருஷத்தில முதல் கதையே துணிக் கதை" என்று மகள் சிரித்தாள். அவளுக்கு எப்போதும் இந்த வாய்தான்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மெஷினைப் போட்டோம். கதவைத் திறந்ததும் என் கண்ணாடி ஆவியில் மங்கிப்போனது. கோப்பையைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு.

இப்போது குழாயில் வடிகட்டி இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கழற்றிக் கழுவுவது என் வேலை. "வடிகட்டி கழுவியாச்சா மாமி?" என்று மருமகன் என்னிடமே கேட்பார். நானும் திரைக்குப் பின்னால் நின்றாவது, ஓம் என்று நேரே பதில் சொல்கிறேன். போன கிழமை மகள் மோதிரத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். மூட்டில் கொஞ்சம் இறுகியது, ஆனால் ஏறிவிட்டது.