என் முதல் மேலதிகாரியின் நற்சான்று

சிங்கப்பூரில் நான் வாடகைக்கு இருக்கும் ஃபேரர் பார்க் அடுக்குமாடியில் ஒரு பெண் தினமும் என்னுடன் லிஃப்டில் இறங்குவாள். ஒரே தளத்துக்காரிதான். வணக்கமும் கிடையாது, தலையசைப்பும் கிடையாது. எண்கள் குறைவதைப் பார்த்தபடியே இருவரும் தரைக்கு வந்து சேர்வோம். ஒருநாள் ரயிலில் உட்கார்ந்து, வேலை தேடுகிறவர்களும் வேலை தருகிறவர்களும் கூடுகிற அந்த வலைத்தளத்தைத் திறந்தபோது அவள் முகம் வந்தது. போன வருடம் தன் அம்மா இறந்ததையும், குளியலறையில் உட்கார்ந்து அழுததையும், அதிலிருந்து குழுவை நடத்துவது பற்றித் தான் கற்றுக்கொண்ட மூன்று பாடங்களையும் எழுதியிருந்தாள். ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டியிருந்தார்கள். மறுநாள் லிஃப்டில் ஏதாவது சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அவள் காதில் கருவியைச் செருகிக்கொண்டு எண்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

ஊரில் நாம் இதற்கு நேர் எதிர். தெருவில் யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் “ஏதோ ஓடுது” என்போம். சம்பளம் உயர்ந்தாலும் ஏதோ ஓடுது, வீடு கட்டினாலும் ஏதோ ஓடுது. நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். சரியில்லை என்று சொன்னால் ஊர் வாயில் விழ வேண்டும். இரண்டுக்கும் நடுவே அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு முழு ஆயுளையும் ஓட்டிவிடுவோம். நானும் அப்படி வளர்ந்தவள்தான்.

என் தொழிலும் அதற்குத் தோதாக அமைந்தது. தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. சரக்கு ஏற்றும் கன்டெய்னர் பெட்டகத்தின் எண், சரக்கின் எடை, பெற்றுக்கொள்பவரின் பெயர் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தினால் கப்பல் கிளம்பும், ஒன்றும் நடக்காது. பொருந்தாவிட்டால்தான் தொலைபேசி அலறும். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்கியவளிடம் போய், உன் சாதனைகளைச் சொல் என்றால் என்ன சொல்வாள்?

சொல்ல வேண்டிய நாள் வந்துவிட்டது. எங்கள் பிரிவை மொத்தமாகச் சென்னைக்கு மாற்றிவிட்டார்கள். இதில் உள்ள கேலி எனக்குப் புரியாமல் இல்லை. என் வேலை ஊருக்குத் திரும்பிவிட்டது, நான்தான் திரும்பவில்லை. நோட்டீஸ் காலம் முடிவதற்குள் வேறு நிறுவனம் என்னை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேலை அனுமதி ரத்தாகி, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வேலை போனது அப்பாவுக்குத் தெரியாது. கோவில்பட்டியிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிட்டு எப்படிப் போகிறது என்று கேட்பார். ஏதோ ஓடுதுப்பா என்பேன்.

ரேணுகாதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். எங்கள் அலுவலகத்தின் மனிதவளப் பிரிவில் இருப்பவள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் முடிவில் ஒரு ‘லா’ சேர்ப்பவள். நாங்கள் கண்ணாடிக் கட்டடத்தில் குளிரில் நடுங்கிய அதே தஞ்சோங் பகாரில், அவளுடைய தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியிருக்கிறார். லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே, தே தாரேக் என்கிற பால்தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அந்த வலைத்தளத்தில் என் பக்கத்தை அவள் கைப்பேசியில் திறந்து பார்த்தாள்.

“என்ன தேவகி, ப்ரொஃபைல் இவ்வளவு காலியா இருக்கு? இத்தனை வருஷத்துல ஒரு போஸ்ட்கூட போடலையா?”

“போட என்ன இருக்கு?”

“அப்படிச் சொன்னா வேலை கிடைக்காது லா. முதல் வரியிலேயே ஆளைப் பிடிக்கணும். சின்னச் சின்ன வரியா எழுதணும். ஒரு கதை வேணும், கடைசியில ஒரு லெசன் வேணும்.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். “தப்பா எடுத்துக்காதீங்க. வேலைதான் சென்னைக்குப் போயிடுச்சே, நீங்களும் கூடவே போகலாமே?”

போகலாம். பாதிச் சம்பளத்துக்குப் புதிதாக ஆள் எடுக்கிறார்கள். ஆனால் எனக்குச் சம்பளம் மட்டும் கணக்கில்லை. திருமணம் ஆகாத நாற்பது வயதுப் பெண் இங்கே ஒரு அறைக்குச் சாவி வைத்திருக்கலாம். எந்த நேரத்துக்கு வந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. லிஃப்டில் பேசாத அந்தப் பெண்மேல் எனக்கு வருத்தம் உண்டு என்றாலும், அவள் பேசாமல் இருப்பதைத்தான் நான் இத்தனை வருடமாகச் சுதந்திரம் என்று அனுபவித்து வருகிறேன். அதை இழக்க எனக்குப் பயமாக இருந்தது. ரேணுகாவிடம் இதையெல்லாம் விளக்காமல், எழுதுவோம் என்று மட்டும் சொன்னேன்.

கதைக்கு நான் கொடுத்த சரக்கு இதுதான். அப்பா பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். மாற்றுச் சான்றிதழ்களைத் தட்டச்சு செய்துவிட்டு, சனிக்கிழமைகளில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். நான் பதிவேட்டைப் பார்த்து உரக்கப் படிப்பேன், அவர் தாளைப் பார்த்துக்கொண்டே வருவார். பிறந்த தேதியை எண்ணில் ஒரு முறை, எழுத்தில் ஒரு முறை படிக்க வேண்டும். ஒரு பையனின் தேதியில் அப்பா விட்ட பிழையை நான் கண்டுபிடித்த அன்று, கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். இன்றுவரை நான் செய்வது அதே வேலைதான், பையனுக்குப் பதில் பெட்டகம்.

ரேணுகாவுக்குக் கதை பிடித்துவிட்டது. “ஆனா அப்பான்னு போட வேணாம். அப்பா அம்மா கதைய எல்லாரும் போட்டுட்டாங்க. ‘மை ஃபர்ஸ்ட் பாஸ்’னு போடுவோம். பொய் இல்லையே? அவர் உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தாரு?”

“ஒண்ணும் சொல்லலை. அடுத்ததைப் படின்னு சொல்வாரு.”

“அது பத்தாது லா. நாம சொல்ல வைப்போம்” என்றவள், ‘ஆவணம் என்பது ஒரு வாக்குறுதி’ என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை அவர் வாயில் போட்டாள். பள்ளியின் தட்டச்சுப் பொறியையும் அவருடைய சொந்தப் பொறியாக்கினாள். கடைசியில், என் பொறுப்பு முடிவுக்கு வருகிறது, புதிய வாய்ப்புகளை வரவேற்கிறேன் என்று இரண்டு வரி. படத்துக்காகச் சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடையின் வெளிச்சத்தில் என்னை நிற்க வைத்து, தலையைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னாள்.

அந்தச் சாய்வு எனக்குப் பழக்கமானதுதான். இருபத்தைந்து வயதில் அம்மா என்னை ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய் இப்படித்தான் நிற்க வைத்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப அப்பா என் விவரக் குறிப்பைத் தட்டச்சு செய்தார். நிறம் மாநிறம், குணம் அமைதி. அமைதி என்று போட்டதற்காக நான் அன்று வீட்டையே இரண்டாக்கினேன். என்னை விற்கக் கடை விரிக்காதீர்கள் என்று கத்திவிட்டு, கொஞ்ச காலத்தில் விமானம் ஏறிவிட்டேன். அதன் பிறகும் அப்பா அந்தக் குறிப்பை விடவில்லை. சொந்த ஊர் கோவில்பட்டி என்ற வரிக்குக் கீழே, ‘தற்போது சிங்கப்பூர்’ என்று சேர்த்து இன்னும் சில வருடம் அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது நானே நகைக்கடை வாசலில் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறேன்.

பதிவு வேகமாகப் பரவியது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் அருமை, அருமை என்றார்கள். வேலை மட்டும் யாரும் தரவில்லை. மூன்றாம் நாள், ஆங்கிலப் பாராட்டுகளுக்கு நடுவே, தமிழில் ஒரு பின்னூட்டம் வந்து உட்கார்ந்திருந்தது.

‘பார்வைக்கு. இப்பதிவில் கண்டுள்ள தட்டச்சுப் பொறி பள்ளி அலுவலகத்துக்குச் சொந்தமானது. ஆவணம் என்பது ஒரு வாக்குறுதி என்னும் வாக்கியம் அவ்வலுவலகத்தில் எவராலும் சொல்லப்பட்டதாக நினைவில்லை. ஏனைய விவரங்கள் சரியானவை. செல்வி ச. தேவகியை நான் நீண்ட காலமாக நேரில் அறிவேன். சொந்த ஊர் கோவில்பட்டி. தற்போது சிங்கப்பூரில் வசித்து வருகிறார். பிழை கண்டால் திருத்தாமல் விடமாட்டார். நடத்தை நன்று. ஆ. சண்முகம், உதவியாளர் (ஓய்வு).’

எனக்குக் காது சுட்டது. சித்தி மகன் பதிவைக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறான், அப்பா இதற்கென்றே கணக்குத் தொடங்கியிருக்கிறார். உடனே ஊருக்கு அழைத்தேன்.

“என்னப்பா இது? உலகமே பார்க்கிற இடம்பா.”

“பார்க்கட்டும்னுதானேம்மா போட்டேன். அந்த வாக்கியம் நான் சொல்லலையே.”

“சரி, அப்பான்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ல? யாரோ மாதிரி எழுதி வச்சிருக்கீங்க.”

“உறவுக்காரங்க கொடுக்கிற நடத்தைச் சான்று செல்லாதும்மா. எத்தனை பேர்கிட்ட வாங்காம திருப்பி அனுப்பியிருக்கேன். அதான் உறவைப் போடலை.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேலை போனதைச் சொல்லாததற்குக் கோபமா என்று கேட்டேன்.

“எனக்கு முன்னாடியே தெரியும். வேலை இருக்கும்போது ‘அப்புறம் பேசறேம்பா’ன்னு வச்சிடுவே. இப்போ கொஞ்ச நாளா மழை பெஞ்சுதா, தண்ணி வந்துதான்னு நீயா கேட்டுக்கிட்டே இருந்தே.”

நான்தான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவரோ தனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ரேணுகா பதறினாள். “உடனே டிலீட் பண்ணுங்க. போஸ்ட்ல பொய்னு அவரே சொல்ற மாதிரி இருக்கு லா.” அந்த வாக்கியத்தைப் பதிவிலிருந்து எடுத்தேன், தட்டச்சுப் பொறியையும் பள்ளிக்கே திருப்பிக் கொடுத்தேன். பின்னூட்டத்தை நீக்கக் கை வரவில்லை.

நோட்டீஸ் காலத்தின் கடைசி வாரத்தில் ஒரு சிறிய சரக்கு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. நேர்காணல் செய்தவர் நடுத்தர வயதுச் சீனப் பெண்மணி. என் பதிவை அச்செடுத்து வைத்திருந்தார். மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தி அப்பாவின் பின்னூட்டத்தையும் படித்திருக்கிறார். எல்லோரும் அருமை என்று எழுதிய இடத்தில் ஒருவர் மட்டும் தவறைச் சொல்லிவிட்டு நற்சான்றும் கொடுத்திருக்கிறார், அதனால்தான் உன்னைக் கூப்பிட்டேன் என்றார்.

“இந்த மிஸ்டர் சண்முகம்தானே உன் முதல் மேலதிகாரி? எந்த நிறுவனம்? அவரிடம் பேசி உன்னைப் பற்றி விசாரிக்கலாமா?”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எண்ணைக் கொடுத்துவிட்டு அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். ஆனால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் ஒத்துக்கொள்ளாத ஒன்றை அவர் பெயரில் இன்னொரு முறை சொல்ல எனக்கும் மனம் இல்லை. என் அறை, என் சாவி, என் லிஃப்ட் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து போயின.

“அவர் என் அப்பா” என்றேன். உறவினர் சான்று செல்லாது என்பதற்காக அவர் உறவை மறைத்ததையும் சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண்மணி அச்செடுத்த தாளை மறுபடி பார்த்தார்.

“அப்படியானால் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும் லா” என்று அவருடைய ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, எடை பொருந்தாத ஒரு சரக்கு ஆவணத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். “பிழையைக் கண்டுபிடி.”

வேலை கிடைத்தது. அனுமதியும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எப்படிம்மா போகுது என்று அப்பா கேட்டபோது, நல்லா இருக்கேம்பா என்று முழுசாகச் சொன்னேன். சத்தமாச் சொல்லாதேம்மா என்றார்.

மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன் என்று தொடங்கும் பதிவு எதையும் நான் போடவில்லை. புதிய நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்ற உட்கார்ந்தேன். இருப்பிடம் என்று அங்கே ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. அப்பாவின் குறிப்பில் இரண்டு வரிகள் இருந்தன, சொந்த ஊருக்கு ஒன்று, இருக்கும் ஊருக்கு ஒன்று. அந்த ஒரே கட்டத்தில் சிங்கப்பூர் என்று நிரப்பிச் சேமித்தேன். பிறகு பழைய பதிவுக்குப் போய் அப்பாவின் பின்னூட்டத்தை மறுபடி படித்தேன். இத்தனை வருடம் கழித்தும், எதிலும் பிழை பொறுக்காத அந்த மனிதர், ‘தற்போது’ என்றுதான் எழுதியிருக்கிறார்.